போர்டைக் கையில் பார்த்தீர்களா?

கேள்வி: ஐயா, வணக்கம். இணைய வீடியோவை டிவியில் காட்டும் ஸ்ட்ரீமிங் பாக்ஸ் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் 5 ஆண்டுகளாக ஃபர்ம்வேர் (பாக்ஸுக்குள் ஓடும் மென்பொருள்) பக்கம் வேலை பார்க்கிறேன். சின்ன நிறுவனம்தான், 70 பேர் இருந்தோம். எங்கள் பாக்ஸ் விற்பனைக்கு வந்து 3 ஆண்டு ஆகிறது. வாங்கியவர்கள் நல்லபடியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கடந்த 8 மாதத்தில் 11 பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். ஹார்டுவேர் தலைவர், பாக்ஸுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டை வடிவமைத்த 2 பேர், ஸ்ட்ரீமிங் சேவைகளிடம் சான்றிதழ் வாங்கும் வேலையைப் பார்த்தவர், மார்க்கெட்டிங் மேலாளர், பாக்ஸுக்கும் ரிமோட்டுக்கும் உருவம் கொடுத்த டிசைனர் என்று வரிசையாக. போன மாதம் நிறுவனர் எல்லோரையும் கூட்டி, "அடுத்த பாக்ஸ் 14 மாதத்தில் வரும், புது சிப், ஏவி1 வீடியோ சுருக்க முறை எல்லாம் உண்டு" என்று ஸ்லைடு போட்டுக் காட்டினார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, ஹார்டுவேர் குழுவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சம்பளத்தைப் பற்றிப் பேச்சில்லை, நிறுவனப் பங்கு கொஞ்சம் கூட்டித் தருவதாகச் சொல்கிறார். இதற்கிடையே ஒரு டிவி தயாரிப்பு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. 3 வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். இருக்கவா, போகவா? நானும் போய்விட்டால் எங்கள் பாக்ஸை வாங்கியவர்கள் கதி என்ன என்ற உறுத்தல் ஒரு பக்கம். தெரிந்தவர்கள் "உங்க பாக்ஸை இப்போ வாங்கலாமா?" என்று கேட்டால் என்ன சொல்வது என்ற குழப்பம் இன்னொரு பக்கம். வழி சொல்லுங்கள்.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை 11 என்ற எண்தான் கண்ணில் பட்டது. இரண்டாவது தடவை, வரிசையின் நடுவில் நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கும் ஒருவர் மேல் கண் நின்றுவிட்டது. சான்றிதழ் வேலையைப் பார்த்தவர். மற்ற 10 பேர் போனதைவிட அவர் போனதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நான் 22 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதலில் கேபிள் செட்டப் பாக்ஸ், அப்புறம் ஸ்ட்ரீமிங் பாக்ஸ். 4 நிறுவனங்களில் வேலை பார்த்தேன். அதில் 2 இன்று இல்லை. அதனால் உங்கள் நிலையை வெளியே இருந்து பார்க்கிறவனாக எழுதவில்லை.

முதலில் போனவர்களைப் பற்றி. ஒரு பாக்ஸ் கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் சிலர் விலகுவது இந்தத் தொழிலில் சகஜம். டிசைனருக்கு அடுத்த பாக்ஸ் தொடங்கும்வரை அங்கே செய்ய ஒன்றும் இருக்காது. மார்க்கெட்டிங் மேலாளருக்கும் மூன்று வருடப் பழைய பொருளை வைத்துக்கொண்டு புதிதாகச் சொல்ல எதுவும் இருக்காது. இவர்கள் போனதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

போர்டு வடிவமைத்த இருவர் போனது இழப்புதான், ஆனால் ஈடுகட்ட முடியும். வரைபடங்களும் பாகப் பட்டியலும் ஒழுங்காக இருந்தால் அனுபவமுள்ள இன்னொருவர் ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்வார். மெமரி ஏன் அந்த வேகத்தில் ஓடுகிறது, வைஃபை ஆன்டெனா ஏன் அந்த மூலையில் இருக்கிறது, எந்தப் பாகம் சூடாகிறது என்பதெல்லாம் எங்கேயாவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஹார்டுவேர் தலைவர் விஷயத்தில் ஒரே ஒரு கேள்வி முக்கியம்: அவர் புது சிப்பைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகு போனாரா, அதற்கு முன்பே போனாரா? தேர்ந்தெடுத்த பிறகு போனார் என்றால் சொந்தக் காரணம் இருக்கலாம். முன்பே போனார் என்றால், தேர்ந்தெடுக்க அவருக்குப் பணம் கொடுக்கப்படவில்லை என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

இப்போது சான்றிதழுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஃபர்ம்வேர் பக்கம் இருப்பவர்கள்கூடப் பல நேரம் இதை வெறும் காகித வேலை என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒரு பெரிய ஸ்ட்ரீமிங் சேவையின் செயலி நம் பாக்ஸில் ஓட வேண்டுமென்றால், அந்தச் சேவையின் சோதனைகளில் பாக்ஸ் தேற வேண்டும். சிப் மாறினால் மறுபடி சோதனை. ஃபர்ம்வேரில் வீடியோ தொடர்பான பகுதியைத் தொட்டால் மறுபடி சோதனை. உரிமைப் பாதுகாப்புக்கான (படத்தைத் திருட்டுத்தனமாக நகலெடுக்க விடாமல் தடுப்பதற்கான) டிஜிட்டல் சாவிகளைத் தொழிற்சாலையிலேயே, ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனித்தனியாக, சிப்பின் பாதுகாப்பான பகுதியில் ஏற்ற வேண்டும். கூகுளின் உரிமைப் பாதுகாப்பு முறையான வைட்வைனில் மிக உயர்ந்த எல்1 நிலை கிடைக்காத பாக்ஸுக்கு நெட்ஃபிளிக்ஸ் எச்டி படம் தராது. வன்பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பார்ப்பவருக்குக் கிடைப்பது மங்கலான படம்தான். இந்த வேலை எதுவும் மென்பொருள் நிரலில் பதிவாகாது. யாரிடம் கேட்க வேண்டும், எந்தச் சோதனையில் எங்கே இடறும், அடுத்த வாய்ப்பு எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் ஒரு மனிதரின் மின்னஞ்சலிலும் தலையிலும்தான் இருக்கும். அவர் வெளியே போகும்போது அதுவும் கூடவே போய்விடும்.

பாக்ஸீ கதை உங்களுக்கு நினைவிருக்கலாம். எக்ஸ்பிஎம்சி என்ற வீடியோ பிளேயர் மென்பொருளிலிருந்து கிளைத்து வந்த நிறுவனம் அது. டி-லிங்க் தயாரித்துக் கொடுத்த பாக்ஸீ பாக்ஸ், மூலையில் வெட்டிய கனசதுரம் மாதிரி இருக்கும். ரிமோட்டைத் திருப்பினால் பின்னால் முழு விசைப்பலகை. 2010 நவம்பரில் 199 டாலருக்கு வந்தது. அவ்வளவு ஆசையாகக் காத்திருந்து வாங்கியவர்கள் அதைத் திறந்தபோது உள்ளே நெட்ஃபிளிக்ஸ் இல்லை. அது வந்து சேரச் சில மாதம் ஆனது. ஒரு பாக்ஸின் முதல் சில மாதங்களில்தான் அதன் பெயர் நிலைக்கிறது. அந்த மாதங்கள் போனால் திரும்பக் கிடைப்பதில்லை.

பழைய பாக்ஸ்களின் ஆயுளும் இந்த விஷயத்தில்தான் தொங்குகிறது. 2019 டிசம்பரில், அமெரிக்க நிறுவனமான ரோக்கூவின் சில பழைய பாக்ஸ்களில் நெட்ஃபிளிக்ஸ் நின்றுபோனது. அந்த பாக்ஸ்கள் கெட்டுப்போகவில்லை. அவற்றால் பழைய விண்டோஸ் மீடியா உரிமைப் பாதுகாப்பை மட்டுமே கையாள முடிந்தது, சேவை அதைக் கைவிட்டுவிட்டது. 2025 மார்ச் 9 அன்று உலகம் முழுக்க இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் (டிவியில் செருகும் கூகுள் சாதனங்கள்) ஒரே நாளில் நம்பத்தகாத சாதனங்களாகிவிட்டன. காரணம், 10 ஆண்டுக்கு முன் 2015-இல் போட்ட ஒரு இடைநிலைச் சான்றிதழ் அன்று காலாவதியானது. இது சேவைகள் தரும் ஒப்புதல் இல்லை, சாதனம் உண்மையானதுதானா என்று சரிபார்க்க உதவும் டிஜிட்டல் சான்றிதழ். கூகுள் மாதிரி நிறுவனத்துக்கே அது நடந்தது, சில நாட்களில் திருத்தம் அனுப்பிச் சரிசெய்தார்கள். அவர்களிடம் ஆள் இருந்தது.

ஆள் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் சேவைகளோடு பேசிக்கொண்டிருந்தவர் விலகினார். அவருடைய மின்னஞ்சல் கணக்கை வழக்கம்போல மூடினார்கள். சர்வர் சான்றிதழைப் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் அந்தக் கணக்குக்குத்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை இரவு பாக்ஸ்கள் ஒவ்வொன்றாக உள்நுழைய முடியாமல் நின்றன. பழைய சான்றிதழை மட்டும் நம்பும்படி நாங்கள் எழுதியிருந்த நிரல்தான் அப்டேட்டை இறக்கும் வழியையும் அடைத்திருந்தது. 9 நாள் ஆனது. அந்த 9 நாளும் நான் வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தேன். தனியாக இருக்கும் ஒரு முதிய பெண்மணி, மாலையில் அவருக்கு இருந்த ஒரே துணை அந்த டிவிதான் என்றார். குறை சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. நான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டேனா என்று கேட்டார். அந்தக் குரலை இன்றும் மறக்க முடியவில்லை. உங்கள் உறுத்தல் எனக்குப் புரிகிறது என்று சொல்வது அதனால்தான்.

சரி, அடுத்த பாக்ஸைப் பற்றி. ஒரு ஹார்டுவேர் திட்டம் நிஜமா என்று தெரிய, திரும்பப் பெற முடியாத பணம் எதற்காவது கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். சிப் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா? அவர்களுடைய மென்பொருள் தொகுப்பும் மேம்பாட்டு போர்டும் அலுவலகத்துக்கு வந்துவிட்டனவா? நீங்கள் ஃபர்ம்வேர் ஆள். புது சிப் உண்மையென்றால் அந்த போர்டு முதலில் வந்து சேர வேண்டியது உங்கள் மேசைக்குத்தான். உங்கள் கடிதத்தில் ஸ்லைடு இருக்கிறது, போர்டு இல்லை. அதை நீங்கள் மறந்துபோய் விட்டிருக்க வாய்ப்பில்லை.

14 மாதக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். சிப் கையில் வந்ததிலிருந்து முதல் போர்டு உயிர்பெற 3 அல்லது 4 மாதம். முதல் போர்டில் தவறு இல்லாமல் நான் பார்த்ததே இல்லை, ஆக இரண்டாம் சுற்றுக்கு இன்னொரு 2, 3 மாதம். பிளாஸ்டிக் உறைக்கு மோல்டு வெட்ட 2 மாதம் போல ஆகும், அதைத் திருத்த இன்னும் சில வாரம். மின்காந்தக் கதிர்வீச்சு, மின்பாதுகாப்பு ஒப்புதல்கள் தனி. சேவைகளின் சான்றிதழ் வேலை இரண்டாம் சுற்று போர்டில்தான் சூடு பிடிக்கும், அது 4 மாதத்துக்குக் குறைந்து முடிந்தால் அதிர்ஷ்டம். பிறகு சோதனை உற்பத்தி, பிறகு முழு உற்பத்தி, பிறகு கப்பல். சில வேலைகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து ஓட்டலாம். அப்படி ஓட்டினால், முழுக் குழுவும் இருந்தால், சிப் இன்றே முடிவாகியிருந்தால் 14 மாதத்தில் முடியும். இந்த மூன்றில் உங்களிடம் எத்தனை இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

சிப் முடிவான பிறகும் தடம் புரளலாம் என்பதற்கு மறுபடி பாக்ஸீயையே பாருங்கள். அவர்கள் முதலில் என்விடியாவின் டெக்ரா 2 சிப் என்று அறிவித்தார்கள். அதிக பிட்ரேட் (நொடிக்குச் செல்லும் தரவு) உள்ள 1080பி வீடியோவை அது சரியாகக் கையாளவில்லை என்று தெரிந்ததும், விற்பனைக்கு இரண்டே மாதம் இருந்தபோது, 2010 செப்டம்பரில் இன்டெலின் சிஇ4100-க்கு மாறியதாகச் சொன்னார்கள். அந்த ஃபர்ம்வேர் குழு பட்டிருக்கக்கூடிய பாட்டை என்னால் ஊகிக்க முடிகிறது. அடுத்த ஆண்டு அக்டோபரில் இன்டெல் தன் டிஜிட்டல் டிவி சிப் பிரிவையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. நம்பி ஏறிய படகுக்காரன் பாதியில் துடுப்பை வைத்துவிட்டுப் போன மாதிரி. அதே இன்டெல் சிப்பை நம்பிய, கூகுள் டிவி மென்பொருளில் ஓடிய லாஜிடெக் ரெவ்யூ பாக்ஸுக்கும் இதே நிலைதான். 2012-இல் கூகுள் டிவி இன்டெலை விட்டு ஆர்ம் வகை சிப்களுக்குப் போய்விட்டது. ஆகவே, "எந்த சிப்?" என்பதோடு நிற்காமல், "அந்த சிப்புக்கு எத்தனை ஆண்டு மென்பொருள் ஆதரவு தருவதாக எழுத்தில் இருக்கிறது?" என்றும் உங்கள் நிறுவனரிடம் கேளுங்கள்.

ரெவ்யூவிடமிருந்து கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: கிடங்கு. 2010 அக்டோபரில் 299 டாலருக்கு வந்த பாக்ஸ் அது. 2011 ஜூன் வரையிலான காலாண்டில் விற்றதைவிடத் திரும்பி வந்தது அதிகம் என்று லாஜிடெக்கே ஒப்புக்கொண்டது. விலையை 99 டாலருக்கு இறக்கினார்கள், தலைமை நிர்வாகி பதவி விலகினார். அந்த முயற்சியில் 10 கோடி டாலருக்கு மேல் லாபம் போனது என்று அந்த ஆண்டு இறுதியில் நிறுவனத் தலைவரே முதலீட்டாளர்களிடம் சொன்னார். லாஜிடெக்குக்கு மவுஸும் கீபோர்டும் இருந்தன, தாங்கிக்கொண்டது. ஒரே பாக்ஸை நம்பியிருக்கும் நிறுவனத்தில் விற்காத பாக்ஸ்கள் கிடங்கில் அடுக்கியிருந்தால், அடுத்த பாக்ஸுக்கான பணம் அந்த அட்டைப் பெட்டிகளுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உங்கள் கிடங்கில் எத்தனை மாத விற்பனைக்கான சரக்கு இருக்கிறது? கணக்குப் பிரிவில் நல்ல நண்பர் யாராவது இருப்பார், அவரிடம் ரகசிய எண்களைத் தோண்ட வேண்டாம். நிறுவனரிடமே நேராகக் கேளுங்கள். ஹார்டுவேர் குழுவைப் பொறுப்பேற்கச் சொல்கிறவரிடம் இதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அப்புறம், பாக்ஸை விற்று மட்டும் பிழைக்க முடியுமா என்பதையும் யோசிக்க வேண்டும். ரோக்கூ 2018-இல்தான் முதல்முறையாக ஓர் ஆண்டு முழுக்கக் கணக்கில் பாக்ஸ் விற்பனையைவிட விளம்பரம், சந்தாப் பங்கு போன்ற தளம் சார்ந்த வழிகளில் அதிகம் சம்பாதித்தது. அதன் பிறகு பாக்ஸை நஷ்டத்துக்கு விற்கக்கூட அவர்களால் முடிந்தது. அமேசானும் கூகுளும் வேறு பணத்தில் பாக்ஸ் விற்கிறார்கள். இவர்களோடு ஒரே அலமாரியில் நிற்க வேண்டிய உங்கள் பாக்ஸ் எந்தப் பணத்தில் நிற்கும்? இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கும் சின்ன நிறுவனங்களும் உண்டு. ஹோட்டல் அறைகளுக்கென்றே செய்கிறவர்கள், படத்தரத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தயங்காதவர்களுக்காகச் செய்கிறவர்கள் அப்படிப்பட்டவர்கள். உங்கள் நிறுவனரிடம் பதில் இருந்தால் மகிழ்ச்சி. "விற்பனை தானாக வரும்" என்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

ஆட்கள் போவது எப்போதும் சாவுமணி என்றும் நினைக்காதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் 2007-இல் தனக்கென்று ஒரு பாக்ஸை உள்ளுக்குள்ளேயே உருவாக்கி, வெளியிடும் தறுவாயில் நிறுத்தியது. ஹார்டுவேர் விற்பவர்களாக மாறினால் மற்ற சாதனத் தயாரிப்பாளர்களோடு பகை வரும் என்ற யோசனை. அந்தத் திட்டமும் அதில் இருந்தவர்களும் ஆன்டனி வுட்டின் ரோக்கூவுக்குப் போனார்கள். 2008 மே மாதம் அந்த பாக்ஸ் 99.99 டாலருக்கு வெளிவந்தது. ரோக்கூவின் பெயர் வீடுகளுக்குள் நுழைந்ததே அதன் மூலம்தான். குழுவாக, வேலையோடு சேர்த்து நகர்ந்தவர்கள் அவர்கள். உங்கள் இடத்தில் ஒவ்வொருவராக, வேலையை அங்கேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த வேறுபாடு பெரியது.

பங்கு விஷயத்துக்கு வருகிறேன். சம்பளத்துக்குப் பதிலாகப் பங்கு என்றால், நிறுவனம் விற்கப்படும் நாளில் யாருக்கு முதலில் பணம் போகும் என்று கேளுங்கள். பெரும்பாலும் முதலீட்டாளர்கள் தாங்கள் போட்டதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் மற்றவர்களுக்கு. பாக்ஸீயை 2013 ஜூலையில் சாம்சங் வாங்கியபோது விலை சுமார் 3 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. அதுவரை அது திரட்டிய முதலீட்டுக்கும் அந்தத் தொகைக்கும் பெரிய இடைவெளி இல்லை. அப்படியொரு விற்பனையில் சாதாரண ஊழியரின் பங்குக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் வேலையை ஏற்கும் ஒருவருக்குக் கையில் வரும் சம்பளம் கூட வேண்டும். அது முடியாது என்று ஒரு நிறுவனம் சொன்னால், அதுவே அதன் பண நிலைமையைப் பற்றி உங்களுக்குத் தரும் நேர்மையான தகவல்.

எனவே நான் சொல்வது இது. 3 வாரத்தில் முதல் வாரத்தை நிறுவனருக்குக் கொடுங்கள். தனியாக உட்கார்ந்து பேசுங்கள். வேறு வேலை கிடைத்திருப்பதைக் காட்டி மிரட்ட வேண்டாம், அதைச் சொல்லவே தேவையில்லை. சிப் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறதா, சான்றிதழ் வேலைக்கு ஆள் எடுக்க விளம்பரம் போயிருக்கிறதா, கிடங்கில் எவ்வளவு, அடுத்த 18 மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறதா. இந்த நான்குக்கும் எண்ணும் தேதியுமாகப் பதில் வந்தால், உங்கள் சம்பளத்தையும் சரிசெய்தால், இருங்கள். ஒரு பாக்ஸை முதல் போர்டிலிருந்து கடை அலமாரி வரை கொண்டுபோகும் அனுபவம் ஒரு பெரிய டிவி நிறுவனத்தின் மூலையில் பத்து ஆண்டு உட்கார்ந்தாலும் கிடைக்காது. அந்த வாய்ப்பை நான் லேசாக நினைக்கவில்லை.

"எல்லாம் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்ற பதில் வந்தால் போய்விடுங்கள். உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னால், இந்தப் பதில்தான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. சிப் முடிவாகாமல், சான்றிதழ் ஆள் இல்லாமல் ஹார்டுவேர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தால், 14 மாதம் கழித்து பாக்ஸ் வராததற்குக் காரணமாக உங்கள் பெயர்தான் நிற்கும். போவது துரோகம் இல்லை. அந்த முடிவை உங்களுக்கு முன்பே நிறுவனம் எடுத்துவிட்டது.

தெரிந்தவர்களுக்கு என்ன சொல்வது? நீங்கள் அங்கே வேலையில் இருக்கும்வரை உள்ளே நடப்பதைச் சொல்லக் கூடாது. ஒப்பந்தமும் அதுதான், நியாயமும் அதுதான், உங்களோடு வேலை பார்க்கிற மற்ற 50-க்கும் மேற்பட்டவர்களின் சம்பளமும் அதில் இருக்கிறது. அதே நேரம் பொய்யும் சொல்ல வேண்டாம். "இன்றைக்கு அதில் என்ன ஓடுகிறதோ, அது போதும் என்றால் வாங்குங்கள். இனிமேல் வரப்போவதை நம்பி எந்த பாக்ஸையும் வாங்காதீர்கள்" என்று சொல்லுங்கள். எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் உண்மை அது. கடைசியாக அப்டேட் வந்த தேதியையும் பார்க்கச் சொல்லுங்கள், அது எல்லோரும் பார்க்கக்கூடியதுதான். 2015-இல் வந்த என்விடியா ஷீல்டு பாக்ஸுக்குப் பத்தாண்டு கழித்தும் அப்டேட் வந்தது. உள்ளே யாரோ சிலர் விடாப்பிடியாக அக்கறை எடுத்திருக்கிறார்கள் என்பதை அந்தத் தேதிகளே காட்டிவிடுகின்றன.

இனி உங்கள் உறுத்தல். அதற்கு ஆறுதல் சொல்வதைவிட ஒரு வேலை சொல்கிறேன். இருந்தாலும் போனாலும், இந்த வாரமே இதைத் தொடங்குங்கள். உங்கள் பாக்ஸ் நம்பியிருக்கும் ஒவ்வொரு சான்றிதழையும் பட்டியல் போடுங்கள்: சர்வர் சான்றிதழ், இடைநிலைச் சான்றிதழ், சாதன அடையாளச் சான்றிதழ், சேவைகள் கொடுத்தவை எல்லாம். ஒவ்வொன்றுக்கும் காலாவதி தேதி, புதுப்பிக்கும் முறை, நினைவூட்டல் எந்த முகவரிக்கு வருகிறது என்று எழுதுங்கள். அந்த முகவரி விலகியவர் ஒருவருடையதாக இருந்தால் உடனே குழு முகவரிக்கு மாற்றச் சொல்லுங்கள். அடுத்து, அப்டேட்டில் கையொப்பமிடும் சாவி, அதாவது அப்டேட் உங்கள் நிறுவனத்திடமிருந்து வந்ததுதான் என்று பாக்ஸுக்கு உறுதிசெய்யும் ரகசியக் குறியீடு. அது எங்கே இருக்கிறது, யாரால் எடுக்க முடியும் என்று பாருங்கள். ஒருவரால் மட்டும் எடுக்க முடிகிறது என்றால் இன்னும் ஒருவராவது எடுக்க முடியும்படி நிறுவனத்தின் அனுமதியோடு ஏற்பாடு செய்யுங்கள். அதன் நகல் எதுவும் உங்கள் சொந்த லேப்டாப்பில் இருக்கக் கூடாது, போகும்போது ஒன்றுக்கு இரண்டு முறை சரிபாருங்கள்.

நேரம் இருந்தால் ஒரு கடைசி ஃபர்ம்வேரும் தயார் செய்யச் சொல்வேன். உங்கள் சர்வர் ஒருநாள் பதில் தராமல் போனாலும் பாக்ஸ் திறக்க வேண்டும், வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் வீடியோக்களை ஓட்ட வேண்டும், யுஎஸ்பியில் இருப்பதை ஓட்ட வேண்டும். உள்நுழைவுத் திரையில் சிக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. இதைச் செய்து, சோதித்து, வெளியிடத் தயாராகும் மென்பொருள் பதிப்பில் சேர்த்துவிட இருவர் இருந்தால் ஒரு மாதம் போதும். நோட்டீஸ் காலத்தில் உங்களிடம் அந்த ஒரு மாதம் இருக்கும். நிறுவனரும் இதை மறுக்க மாட்டார், ஏனென்றால் நிறுவனம் தொடர்ந்தாலும் இது பயன்படும். உங்களுக்குப் பிறகு ஃபர்ம்வேரைப் பார்க்கப்போகிறவர் யாரோ, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்தே செய்யுங்கள். முதல் நாள் அவரிடம் காட்ட வேண்டியது காலாவதி தேதிப் பட்டியலின் முதல் வரி.